அம்புக்குறி காட்டாத கேம்கள்

கேமைத் திறந்த பத்து நிமிஷத்துக்குள் வரைபடம் முழுக்க ஐகானாக நிரம்பிவிட்டால் எனக்குப் பாதி ஆசை போய்விடும். இங்கே ஒரு பெட்டி, அங்கே ஏற வேண்டிய கோபுரம், இந்த மஞ்சள் கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால் அடுத்த மிஷன் என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிட்டால் நான் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? கன்ட்ரோலர் என் கையில் இருந்தாலும் போகிற வழியை வேறு யாரோ முடிவு செய்துவிட்டார்கள். அதனால் இங்கே நான் எழுதப்போகிற கேம்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் என்னை நடுவழியில் இறக்கிவிட்டு, நீயே போய்ப் பார்த்துக்கொள் என்று விட்டுவிட்டவை. மூன்றைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், மற்றவை போகிற போக்கில்.

இந்த ருசி எனக்கு எங்கே ஒட்டியது என்று யோசித்தால், பள்ளி நாட்களில் எங்கள் தெருமுனையில் இருந்த பிரவுசிங் சென்டர்தான் ஞாபகம் வருகிறது. ஜிடிஏ வைஸ் சிட்டி 2002-ல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்தது, அடுத்த வருஷம் கணினிக்கு. எங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்பதெல்லாம் தெரியாது, நாங்கள் போனபோது எல்லா கணினியிலும் இருந்தது. அதில் அந்தக் குட்டி ஹெலிகாப்டர் மிஷன் இருக்கிறதே, ஒரு தலைமுறையே அதில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கும். கட்டி முடிக்காத கட்டிடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி நான்கு குண்டுகளை நான்கு இடத்தில் வைக்க வேண்டும், நேரம் போய்க்கொண்டே இருக்கும், உள்ளே இருக்கிற வேலையாட்கள் வேறு கிட்ட வந்தால் அடிப்பார்கள். வாரக்கணக்கில் முடியவில்லை. அப்புறம் எங்களில் ஒருவன்தான் கவனித்தான்: முதல் குண்டைத் தூக்கினால்தான் கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு, ஹெலிகாப்டரின் இறக்கையாலேயே வழியில் நிற்பவர்களை அகற்றிவிட்டு, மாடிப்படி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அப்புறம் குண்டை எடுத்தால் போதும். அன்று சென்டரில் இருந்த அத்தனை பேரும் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றோம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு விஷயம் பிடிபட்டால் வருகிற அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றுவரை ஒவ்வொரு கேமிலும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சரி, முதலில் ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்தில் டீம் செர்ரி என்கிற மிகச் சின்னக் குழு செய்தது, 2017-ல் வந்தது. கையால் வரைந்த பூச்சிகளின் உலகம், அழிந்துபோன ஒரு ராஜ்யம், அதற்குள் ஊசி போன்ற ஒரு வாளோடு இறங்குகிற நாம். இப்படிச் சொன்னால் நூறு கேம் இதே மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். எனக்கு இது தனியாகத் தெரிந்ததற்குக் காரணம் அதன் வரைபடம். புது இடத்துக்குள் நுழைந்தால் வரைபடமே கிடையாது. கார்னிஃபர் என்று ஒரு வரைபடக்காரர் அந்த இடத்தில் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருப்பார், அவரைத் தேடிப் பிடித்துக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்று எந்தக் குறியும் காட்டாது. தரையில் சிதறிக் கிடக்கிற காகிதங்களும், அவர் தனக்குத்தானே முணுமுணுக்கிற பாட்டும்தான் அடையாளம். முழுக்க இருட்டான, எல்லாமே நம்மைக் கொல்ல வருகிற ஒரு குகையில், உயிர் ஒன்றே ஒன்று மிச்சம் இருக்கும்போது, தூரத்தில் அந்த முணுமுணுப்பு கேட்டால் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை எந்த அம்புக்குறியும் எனக்குக் கொடுத்ததில்லை.

வாங்கின வரைபடமும் பாதிதான். மேலே ஊரில் அவர் மனைவி நடத்துகிற கடையில் இறகுப்பேனா வாங்கினால்தான் நாம் போன புது இடங்கள் அதில் ஏறும், அதுவும் அங்கங்கே இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்தால்தான் ஏறும். செத்தால் மறுபடி எழுவதும் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில்தான். வரைபடத்தில் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரிய வேண்டுமா, அதற்கு ஒரு திசைகாட்டித் தாயத்து இருக்கிறது, ஆனால் அதை மாட்டினால் வேறொரு தாயத்துக்கான இடம் போய்விடும். முதல் சில மணி நேரம் திசைகாட்டி இல்லாமல் என்னால் நடக்க முடியவில்லை. பத்து மணி நேரம் கழித்து ஒரு பாஸை, அதாவது ஒரு பெரிய எதிரியை, அடிக்க அந்த இடம் தேவைப்பட்டபோது கழற்றினேன், அதற்கப்புறம் திரும்ப மாட்டவே இல்லை. வழி எனக்கு மனப்பாடமாகியிருந்தது. என் ஊரில் பேருந்து நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகிற மாதிரி, யோசிக்காமலே கால் போனது.

இன்னொன்று, கண்ணீர் நகரம். பூமிக்கு அடியில் ஒரு பெரிய நகரம், அங்கே ஓயாமல் மழை. குகைக்குள் எப்படி மழை பெய்யும்? எனக்கு முதலில் தோன்றவே இல்லை, அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவோ நேரத்துக்குப் பிறகு, வேறெதையோ தேடிப் போனபோது, ஒரு பெரிய நீல ஏரியின் கரையில் போய் நின்றேன். அமைதியான இடம், எதிரி யாரும் இல்லை. வரைபடத்தைத் திறந்தால் அந்த ஏரி நகரத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ஏரிதான் கசிந்து கீழே மழையாகக் கொட்டுகிறது! இதை யாரும் வந்து விளக்கவில்லை, இதற்குப் பரிசும் கிடையாது. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மாண்டிஸ் பிரபுக்கள், அதாவது கும்பிடுபூச்சித் தலைவர்கள், அவர்களோடு போடுகிற சண்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலில் ஒருவர் தனியாக வருவார், அவரை வென்றால் அடுத்து இரண்டு பேர் ஒன்றாக வருவார்கள். நான் முப்பது தடவைக்கு மேல் செத்தேன், ஒரு தடவைகூட இது அநியாயம் என்று தோன்றவில்லை. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் அவர்கள் உடம்பில் ஒரு அசைவு இருக்கிறது, நான் தான் பார்க்கவில்லை. வென்ற பிறகு திரும்பி வந்தால், அதுவரை என்னைக் கண்டதும் பாய்ந்த அந்த ஊர் மாண்டிஸ்கள் எல்லாம் நின்று தலைவணங்குகின்றன. ஒரு கேமில் மரியாதை என்பதை இவ்வளவு அழகாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. சில பாஸ்களுக்குப் பக்கத்தில் பெஞ்ச் இல்லை, தோற்ற ஒவ்வொரு தடவையும் அதே பாதையில் ஓடி வர வேண்டும். இதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை, பொறுமை போவதுதான் மிச்சம். செத்தால் காசு முழுவதும் நம் நிழலிடம் போய்விடும், அதை மீட்பதற்குள் மறுபடி செத்தால் அவ்வளவுதான். ஆரம்பத்தில் இது பலரை விரட்டிவிடுகிறது, அது எனக்கு வருத்தம். முதல் 4 மணி நேரத்தைத் தாண்டிவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். தொடர்ச்சியான சில்க்சாங் 2025 செப்டம்பரில் வந்தது. வேகமும் அழகும் கூடியிருக்கிறது, ஆனால் பல எதிரிகள் ஒரே அடியில் இரண்டு உயிரை எடுத்துவிடுகிறார்கள், அதனால் சுற்றிப் பார்க்கிற தைரியம் குறைகிறது. எனக்கு இன்னும் முதல் கேம்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் பழைய லேப்டாப்பிலேயே அது தடையில்லாமல் ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கன்ட்ரோலர் மட்டும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகஸ் போப் என்பவர் செய்தது, 2018. கிழக்கிந்திய கம்பெனியின் வணிகக் கப்பல் ஒன்று காணாமல் போய், 1807-ல் ஆள் யாரும் இல்லாமல் இங்கிலாந்துக் கரைக்கு மிதந்து வருகிறது. நாம் காப்பீட்டுக் கணக்கு எழுதுகிற கம்பெனி ஆள். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். அவர்களில் ஒவ்வொருவரின் பெயர் என்ன, என்ன ஆனார், கொல்லப்பட்டால் யாரால் என்று ஒரு புத்தகத்தில் நிரப்ப வேண்டும். அவ்வளவுதான் கேம். கையில் ஒரு கடிகாரம் இருக்கிறது, சடலத்தின் பக்கத்தில் அதைத் திறந்தால் அந்த ஆள் சாகும் நொடி சிலை போல உறைந்து நிற்கும், அதற்குள் நடந்து சுற்றிப் பார்க்கலாம். அதற்கு முன்னால் சில விநாடி இருட்டில் குரல்கள் மட்டும் கேட்கும். பார்ப்பதற்குப் பழைய மேக்கின்டாஷ் திரை மாதிரி இரண்டே நிறம், புள்ளி புள்ளியாக. ஸ்கிரீன்ஷாட் பார்த்துவிட்டு ஒதுக்கிவிடாதீர்கள், ஓடும்போது அது வேறு மாதிரி இருக்கிறது.

பெயர்ப் பட்டியலில் பெயர், வேலை, நாடு இருக்கும். கூடவே எல்லோரும் இருக்கிற ஓவியம் இருக்கும். எந்த முகம் எந்தப் பெயர் என்று கேம் சொல்லாது. மாலுமிகள் தூங்குகிற தூளிகளில் எண் போட்டிருக்கிறது, அந்த எண் பட்டியலோடு பொருந்துகிறது என்று நான் கண்டுபிடித்த ராத்திரி மணி ஒன்றரை. அதன் பிறகு தூக்கம் எங்கே வரும்? தூளியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற கால், அதில் இருக்கிற செருப்பு, வேறொரு காட்சியில் அதே செருப்பு போட்ட ஆள் என்று நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மாலுமிகளில் இந்தியர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் கம்பெனிக் கப்பல்களில் வேலை செய்த நம் பக்கத்து ஆட்களை லஸ்கர்கள் என்றுதான் அழைத்தார்கள். வரலாற்றில் கூட்டமாக மட்டுமே வந்து போகிறவர்களை, இந்தக் கேம் ஒருவர் ஒருவராகப் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க வைக்கிறது. எல்லோருக்கும் புத்தகத்தில் ஒரே அளவு இடம், கேப்டனுக்கும் சாதாரண மாலுமிக்கும். இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டது.

மூன்று பேருடைய விவரம் முழுக்கச் சரியாக இருந்தால்தான் கேம் அவற்றை உறுதி செய்யும். அதனால் குருட்டாம்போக்கில் அடிக்க முடியாது என்று சொல்வார்கள், உண்மையில் கொஞ்சம் அடிக்கலாம். இரண்டு சரியென்று நிச்சயமாகத் தெரிந்தால் மூன்றாவதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நான் கடைசி சில பேருக்கு அப்படிச் செய்தேன், இப்போது நினைத்தால் செய்திருக்கக் கூடாது என்றிருக்கிறது. பார்த்த காட்சியை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் அந்தச் சடலம் கிடக்கிற இடத்துக்கே நடந்து போக வேண்டும் என்பது இன்னொரு எரிச்சல். கடைசியில் கப்பலை மேலும் கீழும் ஏறி இறங்கியே பாதி நேரம் போனது. ஆங்கிலக் குரல்களையும் அவற்றின் உச்சரிப்பையும் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும், எழுத்தும் திரையில் வரும், ஹெட்போன் இல்லாமல் ஆடாதீர்கள்.

குரல் என்றதும் நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊர் கட்டிப் படை திரட்டிச் சண்டை போடுகிற ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999-ல், நான் இன்னும் வாரம் ஒரு ஆட்டமாவது ஆடுகிறேன். அதில் 2022-ல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்று ஒரு டிஎல்சி, அதாவது தனியாக வாங்கிச் சேர்க்கிற கூடுதல் பகுதி, வந்தது. அதுவரை இந்தியர்கள் என்று ஒரே கூட்டமாக இருந்ததைப் பிரித்து ஹிந்துஸ்தானிகள், கூர்ஜரர்கள், வங்காளிகள், திராவிடர்கள் என்று ஆக்கினார்கள். திராவிடர்களைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தைத் தொடங்கி, முதல் கிராமத்து ஆளை க்ளிக் செய்தேன். அவர் தமிழில் பதில் சொன்னார். இத்தனை வருஷமாக எந்த மொழி என்றே தெரியாத குரல்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ராஜேந்திர சோழனின் படையெடுப்பை ஒரு கேம்பெய்னாகவே, கதையாகத் தொடர்கிற ஆட்டங்களாகவே, வைத்திருக்கிறார்கள், சுருள்வாள் வீசுகிற வீரர்கள் இருக்கிறார்கள், திரிசடை என்று பெரிய போர்க்கப்பல் இருக்கிறது. கடல் இருக்கிற மேப்பில் இவர்கள் பலசாலிகள். தரையில் நைட் என்கிற கவசக் குதிரைப்படை கிடையாது, அதனால் குதிரை வைத்து ஆடிப் பழகியவர்களுக்கு முதலில் கையொடிந்த மாதிரி இருக்கும். இந்தக் கேமும் என் கணக்கில் அம்புக்குறி இல்லாத கேம்தான்: ஆரம்பத்தில் திரை முழுக்கக் கருப்பு, ஒரு குதிரைக்காரனை அனுப்பித்தான் ஆடு எங்கே, தங்கம் எங்கே, எதிரி எங்கே என்று பார்க்க வேண்டும்.

பெரிய உலகத்தில் குதிரையில் சுற்றுகிற விட்சர் 3 பிடிக்காதா என்று கேட்பீர்கள். கதைக்காக ரொம்பப் பிடிக்கும். ஆனால் முதல் தடவை ஆடியபோது நான் ஊரைப் பார்க்கவே இல்லை, மூலையில் இருக்கிற மினிமேப்பின் புள்ளிக்கோட்டைத்தான் பார்த்துக்கொண்டு குதிரை ஓட்டினேன். இரண்டாவது தடவை அமைப்புகளில் போய் மினிமேப்பை அணைத்துவிட்டு ஆடினேன். வழிப்பலகை, மலை, சூரியன் இருக்கிற பக்கம் என்று பார்த்துப் போக ஆரம்பித்ததும் அது வேறொரு கேம் ஆகிவிட்டது. செய்து பாருங்கள்.

இனி அவுட்டர் வைல்ட்ஸ். என் வாழ்நாளில் ஆடியதிலேயே எனக்குப் பிடித்தது இதுதான், இரண்டாம் இடத்துக்கும் இதற்கும் நடுவில் நிறைய தூரம். வாங்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: இது வந்த அதே 2019-ல் தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் என்று வேறொரு கேம் வந்தது, அது துப்பாக்கிச் சண்டை போடுகிற ரோல்பிளேயிங் கேம். என் நண்பர் அதை வாங்கிவிட்டு, நீ சொன்ன மாதிரி ஒன்றும் இல்லையே என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டார். எழுத்தைக் கவனித்து வாங்குங்கள்.

இதைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரிந்துகொள்கிறீர்களோ அவ்வளவு நல்லது, அதனால் ஆரம்பத்தில் தெரியவரும் விஷயங்களை மட்டும் சொல்கிறேன். மரங்கள் நிறைந்த ஒரு சின்னக் கிரகத்தில், எரிகிற தீயின் பக்கத்தில் கண் விழிக்கிறோம். ஊரார் மரத்தாலும் தகரத்தாலும் கட்டின ஒரு விண்கலம் நமக்காக நிற்கிறது. ஏறிப் போகலாம், எங்கே வேண்டுமானாலும். முதலில் இங்கே போ என்று யாரும் சொல்வதில்லை. 22 நிமிஷம் கழித்துச் சூரியன் வெடிக்கிறது, எல்லாம் அழிகிறது, மறுபடி அதே தீயின் பக்கத்தில் கண் விழிக்கிறோம். ஏன்? அதைக் கண்டுபிடிப்பதுதான் கேம்.

இதில் லெவல் ஏறுவது கிடையாது, புது ஆயுதம் கிடையாது, சாவி கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் நாம் எடுத்துப்போவது நமக்குத் தெரிந்த விஷயம் ஒன்றைத்தான். முடிவுக்குப் போகிற வழி முதல் 22 நிமிஷத்திலேயே திறந்துதான் இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். பூட்டு கதவில் இல்லை, நம் தலைக்குள் இருக்கிறது. இதை நான் உணர்ந்த இடம் மணல்கடிகாரக் கிரகங்களில். இரண்டு கிரகம் ஒன்றையொன்று சுற்றுகின்றன, ஒன்றிலிருந்து மணல் தூணாக எழும்பி மற்றதில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. நேரம் ஆக ஆக ஒன்றில் குகைகள் மூடிக்கொண்டு வருகின்றன, இன்னொன்றில் புதைந்திருந்த கோபுரங்கள் வெளியே தெரிகின்றன. நான் குகைக்குள் போய் மணலில் மாட்டி நசுங்கிச் செத்தேன், ஐந்தாறு தடவை. அப்புறம்தான் புரிந்தது, இங்கே எங்கே போகிறோம் என்பதோடு எப்போது போகிறோம் என்பதும் சேர்ந்துதான் கணக்கு. அடுத்த சுற்றில் கண் விழித்ததும் வேறெதையும் பார்க்காமல் நேராக அங்கே பறந்தேன், மணல் ஏறுவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தேன். அந்த ஹெலிகாப்டர் மிஷன் முடிந்த நாளின் அதே சந்தோஷம், அதைவிடப் பெரிதாக.

பாட்டைச் சொல்லாமல் விட முடியாது. ஆண்ட்ரூ பிராலோ இசை. நம் ஊரிலிருந்து முன்பே கிளம்பிப் போன பயணிகள் வேறு வேறு கிரகங்களில் இருக்கிறார்கள், ஒருவர் பேஞ்சோ வாசிக்கிறார், ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் மவுத் ஆர்கன், ஒருவர் மேளம், ஒருவர் விசில். கையில் இருக்கிற ஒலிமானியை வானத்தில் திருப்பினால் ஒவ்வொருவரின் வாத்தியமும் அந்தந்தத் திசையிலிருந்து கேட்கும். விண்கலத்தில் தூரமாக வெளியே போய்த் திரும்பிப் பார்த்து ஒலிமானியைப் பிடித்தால் எல்லா வாத்தியமும் ஒன்று சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கிறது. எல்லோரும் தனித்தனியாக, ஒருவரையொருவர் பார்க்க முடியாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரே பாட்டை வாசிக்கிறார்கள். ஊரை விட்டு வந்து வேலை பார்க்கிற எனக்கு அது எங்கே போய்த் தொட்டது என்று விளக்கத் தெரியவில்லை.

கடினமான பக்கங்களும் உண்டு. விண்கலம் ஓட்டப் பழக இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆட்டோபைலட் நேர்கோட்டில் போகும், நடுவில் சூரியன் இருந்தால் சூரியனுக்குள்ளேயே கொண்டுபோய் விட்டுவிடும். எழுத்து நிறைய வாசிக்க வேண்டும், எல்லாம் ஆங்கிலம், ஆனால் எளிய ஆங்கிலம். ஆழ்கடல் பயமும் இருட்டுப் பயமும் இருப்பவர்களுக்குச் சில இடங்கள் நிஜமாகவே தாங்காது. எனக்கே ஒரு இடத்தில் கை நடுங்கியது. எங்கே போவது என்று தெரியாமல் நின்றால் விண்கலத்தில் இருக்கிற பதிவேட்டைப் பாருங்கள், இதுவரை கண்டுபிடித்ததை நூல் கட்டி இணைத்துக் காட்டும், எந்த இடத்தில் இன்னும் மிச்சம் இருக்கிறது என்பது வரைக்கும் சொல்லும். அதற்கு மேல், விடையெல்லாம் எழுதி வைத்திருக்கிற வாக்த்ரூ பக்கம் போகவே போகாதீர்கள். ஒரே ஒரு விடையை வெளியே படித்துவிட்டால் அந்த விடை உங்களுக்கு நிரந்தரமாகப் போய்விட்டது. 2021-ல் வந்த எக்கோஸ் ஆஃப் தி ஐ டிஎல்சி நல்லதுதான், பயம் அதிகம், பயத்தைக் குறைக்க அமைப்புகளில் ஒரு தேர்வு வைத்திருக்கிறார்கள். முதன்மைக் கேமை முடித்துவிட்டு ஆடுவதுதான் என் சிபாரிசு.

இதில் எனக்கு இருக்கிற ஒரே துக்கம், இதை இரண்டாவது தடவை ஆட முடியாது. ஆடலாம், ஆனால் எல்லாம் தெரியும். அதனால் போன மாதம் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது அவனிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ப்ளஸ் டூ முடித்தவன், இதற்கு முன்னால் ஃப்ரீ ஃபயர் தவிர வேறெதையும் தொட்டதில்லை. முதல் ஒரு மணி நேரம் "மாமா, இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டான். நொறுங்கிக்கொண்டிருக்கிற கிரகத்தில் இறங்கி, காலடியில் தரை உடைந்து, நடுவில் இருக்கிற கருந்துளைக்குள் கத்திக்கொண்டே விழுந்தான். திரை வெளுத்து, அவன் எங்கோ வெளியே மிதந்துகொண்டிருந்தபோது என் பக்கம் திரும்பி, "நான் செத்துட்டேனா மாமா?" என்றான்.

"நீயே பாருடா" என்றேன். பார்க்க ஆரம்பித்தான்.